அது பைன் மரம் இல்லை

திருத்தர் என்று ஒரு மனித வகை இருக்கிறது. உலகம் முழுக்கப் பரவியிருந்தாலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் அது கொஞ்சம் கூடுதலாகவே செழிக்கிறது. அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது அதன் ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழும். கண் பாதி மூடும். "தப்பா நெனச்சுக்காதீங்க..." என்று ஒரு குரல் வரும். அதைக் கேட்டதும் தப்பாக நினைக்கத் தயாராகிவிடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், பரிமாறுகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, கறிவேப்பிலைக்கும் வேப்பிலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது எலுமிச்சைக் குடும்பம் என்று திருத்தர் விளக்குவார். பின்னால் ஆறு பேர் ரசத்துக்குக் காத்திருப்பார்கள். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டார், எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பார். துக்க வீட்டில், அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது என்று அழுதுகொண்டே சொன்ன மகளிடம், "நடப்பு எழுபத்திரண்டும்மா, முடிஞ்சது எழுபத்தொண்ணுதான்" என்று ஆறுதல் சொன்னவரை எனக்கு நேரடியாகத் தெரியும். கெட்ட எண்ணமா? துளியும் கிடையாது. தவறு என்பது அவருக்கு நடுரோட்டில் கிடக்கும் ஆணி. யாருடைய டயரையாவது குத்துவதற்குள் எடுத்துவிட வேண்டும். வண்டியே வராத ரோடாக இருந்தால்? அப்போதும் எடுக்க வேண்டும்.

அப்படி ஆறுதல் சொன்னவர் சுகுமாறன் அண்ணே. பண்டமாரானில் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், மூன்றாம் வரிசையில் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு, முடிந்தது. துறைமுகத்தில் ஏற்றுமதிக்கு வரும் பலகைகளைத் தரம் பிரிக்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். பலகையின் முனையைக் கத்தியால் சீவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, இது மெராந்தி, இது கெருயிங், இது யாரையோ ஏமாற்றப் பார்க்கிற வேறு ஏதோ என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே அந்த விரல் அப்படி நிமிர்ந்து நின்றுவிட்டது என்று அவர் மனைவி குமுதா அக்கா சொல்வார். குடியிருப்பாளர் சங்கத்தின் அறிக்கை ஒன்றில் அவர் பெயர் சுகுமாரன் என்று இடையின ரகரத்தில் அச்சாகிவிட்டது. நாற்பது பிரதிகளிலும் கையால் திருத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அந்தச் சங்கத்துக்கு நாகையா ஆகிய நான்தான் செயலாளர். வேறு யாரும் முன்வரவில்லை. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருக்கு நான் "தம்பி".

இப்போது மரத்துக்கு வருகிறேன்.

எங்கள் வரிசையின் மூலை வீட்டில் ஹென்றியும் டொரத்தி அக்காவும் இருக்கிறார்கள். பதினேழு வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்மஸுக்கு, பிளாஸ்டிக் மரம் வேண்டாம், உயிருள்ள மரம்தான் வேண்டும் என்று டொரத்தி அக்கா பிடிவாதம் பிடித்து, ஜெஞ்சாரோம் பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து தொட்டியோடு ஒன்றை வாங்கி வந்தார். இடுப்பளவு உயரம். அடுக்கடுக்காய்க் கிளை, பச்சைக் குடையை விரித்து வைத்த மாதிரி. பண்டிகை முடிந்ததும் தூக்கிப்போட மனம் வராமல் ஹென்றி அதை வாசல் மூலையில் மண்ணில் நட்டார். அது எவ்வளவு உயரம் போகும் என்று அவரும் கேட்கவில்லை, நர்சரிக்காரரும் சொல்லவில்லை. இன்றைக்கு அது மூன்று மாடி. துறைமுகத்திலிருந்து வரும் லோரிக்காரர்கள் எங்கள் தாமானுக்கு வழி கேட்டால் அந்த மரத்தைத்தான் காட்டுகிறோம்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்த வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு, யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். மரம் முழுக்க விளக்கு. யாராவது ஒரு குழந்தை "அழகா இருக்கு இந்தப் பைன் மரம்" என்று சொல்லிவிடும். அவ்வளவுதான்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. இது பைன் மரம் இல்ல. பைன் வடக்கத்திச் சாதி. இது தெற்கத்திச் சாதி, அரக்கேரியா. இன்னிக்கு உலகத்துல இருபது வகை இருக்கு. சிலி, அர்ஜென்டினா, பிரேசில், ஆஸ்திரேலியா, பாப்புவா நியூ கினி, எல்லாம் பூமியோட கீழ்ப்பாதி. அதுல பதினாலு வகை நியூ கலிடோனியாங்கிற ஒரே ஒரு தீவுக்கூட்டத்துல. கண்டங்கள் எல்லாம் ஒட்டியிருந்த காலத்துலேருந்து இருக்கிற பரம்பரை. நம்ம காட்டுல டாமார் மின்யாக்னு ஒரு மரம் இருக்கே, அது இதுக்குப் பங்காளி. ஆனா இந்த மரம் நோர்ஃபோக் தீவுலேருந்து வந்தது. நோர்ஃபோக் தீவு எங்க இருக்கு, சொல்லு பார்ப்போம்?"

நியூ கலிடோனியா வந்ததும் டொரத்தி அக்கா அவர் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்துவிடுவார். அது வேலை செய்யும், இரண்டு நிமிடத்துக்கு. பதினேழு வருடத்தில் எங்கள் தாமான் பிள்ளைகளுக்கு வாய்பாடு மறந்தாலும் நோர்ஃபோக் தீவு மறக்காது.

சரி, இதில் என்ன கெட்டுப்போனது என்கிறீர்களா? போன அக்டோபரில் பெரிய காற்று அடித்தது. சாலையோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் காரின் மேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மறுநாள் காலை எங்கள் தாமானில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள். மூலை வீட்டுக்கு வடக்குப் பக்கத்து வீட்டில் அமுதவள்ளி இருக்கிறார். ரவிக்கை தைப்பவர். கார் நிறுத்தும் இடத்தில் தையல் மெஷினைப் போட்டு, காலையிலிருந்து மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருப்பவர். அவர் என்னைத் தேடி வந்தார்.

"நாகையாண்ணே, அந்த மரம் என் பக்கம் சாயுது. நான் தினமும் பார்க்கிறேன். காத்தடிச்சா மேல இருந்து முறுக்கு ஒடைக்கிற மாதிரி சத்தம் வருது. அளவு குடுக்க வர்ற பொம்பளைங்க பிள்ளைங்களோட இங்கதான் உட்கார்றாங்க. ஏதாச்சும் ஆனா யார் பதில் சொல்றது?"

அவர் பயம் பொய்யில்லை. பேசும்போது கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை முறுக்கிக்கொண்டே இருந்தார். மாநகர் மன்றத்துக்குப் புகார் போனது. டொரத்தி அக்காவின் மரத்தைக் காப்பாற்ற எனக்கு ஒரு யோசனை தோன்றியது: விஷயம் தெரிந்த ஒருவரிடமிருந்து ஒரு கடிதம். விஷயம் தெரிந்தவர் யார்? இந்தக் கதையில் என் பங்குக்கு நான் செய்த முட்டாள்தனம் இது.

சுகுமாறன் அண்ணே நான்கு பக்கம் எழுதினார். மரத்தின் குலம், கோத்திரம், பரவல், விதைக்கூம்பின் அளவு எல்லாம். மூன்றாம் பக்கத்தில், யாரும் கேட்காத ஒரு வரி: "நோர்ஃபோக் தீவு வகை இயல்பிலேயே நேராக வளரக்கூடியது." நான் படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பினேன்.

மன்றத்திலிருந்து திங்கட்கிழமை ஆள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அன்று காலை குமுதா அக்கா வாசலில் நின்று அவருக்குச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் வாயத் தொறக்காதீங்க. டொரத்திக்காக."

"நான் எதுக்குத் தொறக்கப்போறேன்?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

வந்தவர் ஷாமினி. மரப் பராமரிப்புப் பிரிவில் அதிகாரி. முப்பது வயதிருக்கும், மண் ஒட்டிய பூட்ஸ், தலையில் ஹெல்மட், கையில் ஒரு கோப்பு. மரத்தைச் சுற்றி நாங்கள் நின்றோம். ஹென்றி தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததை ஆரம்பித்தார்.

"மிஸ், இது ரொம்ப அபூர்வமான மரம்."

விரல் எழுந்தது. "தப்பா நெனச்சுக்காதீங்க ஹென்றி. எந்த நர்சரியிலயும் தொட்டியில கிடைக்கும்."

ஹென்றி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"வேர் ரொம்ப ஆழமா போயிருக்கும் மிஸ். விழாது."

"ஆழமா போயிருக்கும்னு சொல்ல முடியாது. இங்க மூணு அடி தோண்டினா தண்ணி. துறைமுக மண்ணு."

ஐந்து நிமிடத்தில் எங்கள் கட்சியின் கால்களை ஒவ்வொன்றாக எங்கள் ஆளே வெட்டி முடித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அமுதவள்ளிகூட எங்களைப் பாவமாகப் பார்த்தார்.

ஷாமினி கோப்பைத் திறந்தார். "உங்க சங்கம் குடுத்த கடிதம் இது. நேரா வளர்ற வகைன்னு போட்டிருக்கு. ஆனா மரம் சாஞ்சிருக்கு. நேரா வளர்ற மரம் சாஞ்சா வேர் நகர்ந்துருச்சுன்னு அர்த்தம். அதனால வெட்டிடச் சொல்லி மேல முடிவு பண்ணிட்டாங்க. நான் அடையாளம் போடத்தான் வந்தேன்."

டொரத்தி அக்கா ஓரடி முன்னால் வந்தார். மரத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். சுகுமாறன் அண்ணேயின் விரல் கீழே இறங்கியது. அது தானாக இறங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிவப்புச் சாயத்தோடு கிட்டப் போன ஷாமினி நின்றார். பட்டையை விரலால் தடவினார். மெல்லிய காகிதம் மாதிரி ஒரு சுருள் உரிந்து கையோடு வந்தது. நாலு எட்டுப் பின்னால் போய், கண்ணுக்கு மேலே கை வைத்து உச்சியைப் பார்த்தார்.

"அங்கிள், இது நோர்ஃபோக் இல்ல லா. குக் பைன்."

ஹென்றி டக்கென்று சுகுமாறன் அண்ணேயின் பக்கம் திரும்பினார்.

"குக் பைன்னு சொன்னாலும் அதுவும் பைன் இல்ல," என்றார் சுகுமாறன் அண்ணே, பழக்க தோஷத்தில். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "இல்லம்மா. இது நோர்ஃபோக். நான் முப்பத்தொரு வருஷம் மரம் பார்த்தவன்."

"பலகையா பார்த்திருப்பீங்க அங்கிள். நான் நிக்கிற மரமா பார்க்கிறேன்." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "ரெண்டும் சின்னதுல ஒரே மாதிரி இருக்கும். நர்சரியில பேர மாத்தி மாத்தித்தான் விப்பாங்க. ஆனா பட்டை இப்படித் தாள் தாளா உரிஞ்சா அது குக். நோர்ஃபோக் நல்லா அகலமா விரியும். இது பாருங்க, தூண் மாதிரி ஒடுங்கி நிக்குது. குக் பைனோட சுபாவமே சாயுறதுதான். அளந்து பார்த்திருக்காங்க. பூமத்திய ரேகைக்கு வடக்குல இருந்தா தெற்கே சாயும், தெற்குல இருந்தா வடக்கே சாயும். வேர் நகர்ந்து சாயல."

"அப்போ வெட்ட வேணாமா?" என்று கேட்டார் டொரத்தி அக்கா.

"நான் சொன்னா போதாது ஆன்டி. கோப்புல இருக்கிறது சங்கத்தோட கடிதம். அதை எழுதினவரே பேர் தப்புன்னு திருத்திக் குடுத்தா, மறுபடி ஆய்வு கேட்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க. இல்லேன்னா என்னால நிறுத்த முடியாது."

அவர் போன பிறகு எல்லோரும் சுகுமாறன் அண்ணேயைப் பார்த்தோம். அவர் தரையில் கிடந்த அந்தப் பட்டைச் சுருளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திருத்தரின் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வரும் என்று அந்த வகையைப் பற்றி நினைப்பவர்கள் யாரும் நினைப்பதில்லை. பிறருடைய தவறு என்றால் அவருக்கு அல்வா. தன்னுடையது என்றால்? அவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் காது கேட்காதவர்களாகிவிடுவார்கள். சிலருக்கு அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருக்கும். "நானும் அதைத்தானே சொன்னேன்" என்பவர்கள் மூன்றாவது ரகம், அவர்கள் அரசியலில் நன்றாக வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை குமுதா அக்கா போன் செய்தார்.

"நாகையா, கொஞ்சம் வந்து உங்க அண்ணனைப் பாரு. எழுந்ததிலேருந்து என்னை ஒரு தடவைகூடத் திருத்தல. இன்னிக்கு புதன்கிழமைன்னு வேணும்னே சொன்னேன். 'ஆமா'ங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."

நான் போனபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில் அந்தப் பட்டை, ஒரு வெள்ளைத் தட்டில். பக்கத்தில் லென்ஸ். என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நாளைக்கு உன் கார் சும்மா இருக்குமா?"

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஒரு கொத்தனாரிடமிருந்து நூலில் கட்டிய இரும்புக் குண்டை இரவல் வாங்கி மடியில் வைத்திருந்தார். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட வாசல், ஷா ஆலாமில் இரண்டு மரம் நின்ற ஒரு தொழிற்சாலை வளாகம், பங்சாரில் ஒரு தேவாலயத்துத் தோட்டம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டு. அத்தனையும் பல வருடங்களாக அவர் நோர்ஃபோக் என்று யாருக்கோ எடுத்துச் சொன்ன மரங்கள். ஒவ்வொன்றின் கீழும் போய் நின்று பட்டையைத் தொடுவார், குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், திசைக்கு என் கைத்தொலைபேசியைக் கேட்பார். பங்சாரில் காவலாளி வந்து, "பாஸ், என்ன தேடுறீங்க?" என்று கேட்டார்.

"என் தப்பைத் தேடுறேன்" என்றார் சுகுமாறன் அண்ணே.

காவலாளி ஒதுங்கி வழிவிட்டார்.

ஐந்து மரம் பார்த்தோம். ஐந்திலும் பட்டை தாள் தாளாக உரிந்தது. ஐந்தும் ஒடுங்கிய தூண். மூன்று மரம் தெற்கே கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஒன்று நேராக இருந்தது, ஒன்று பக்கத்துக் கட்டடத்தின் வெளிச்சத்தைப் பார்த்து எங்கோ போயிருந்தது. அதையும் குறித்துக்கொண்டார். மாலை ஐந்து மணிக்குத்தான் கூட்டரசு நெடுஞ்சாலையில் திரும்பினோம். சுபாங் தாண்டியதும் தொடங்கினார்.

"முந்தாநாள் படிச்சேன் தம்பி. இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்ன, நியூ கலிடோனியா பக்கம் முதமுதலா குக்குங்கிற வெள்ளைக்காரரோட கப்பல் போகுது. தூரத்துல கரையில கருப்புக் கருப்பா நெட்டுக்குத்தா ஏதோ நிக்குது. கப்பல் தலைவரு, அது மரம்னாரு. கூட வந்த படிச்ச ஆளுங்க, செடி கொடி ஆராயறவங்க, அவங்க ஒத்துக்கல. கல்தூண்னு அடிச்சுச் சொன்னாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா இந்த மரம்."

"அப்புறம் அவங்க என்ன சொன்னாங்க?"

"நான் படிச்சதுல அது இல்ல தம்பி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதைத்தான் தேடினேன்."

வியாழக்கிழமை கடிதம் எழுத என் வீட்டுக்கு வந்தார். தட்டச்சு செய்ய நான் உட்கார்ந்தேன். எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நல்ல எண்ணத்தில் ஒரு வழி சொன்னேன்.

"அண்ணே, நர்சரியில தவறான பேர்ல வித்ததால ஏற்பட்ட குழப்பம்னு போட்டுடலாம். பொய்யும் இல்ல."

"நர்சரிக்காரன் தொட்டியில ஒரு தடவை எழுதினான். பதினேழு வருஷம் வாயால சொன்னது யாரு?"

"அதை எல்லாமா எழுதணும்?"

"நீ அடி."

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "என் முந்தைய கடிதத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. மரத்தின் பெயரைத் தவறாக எழுதியது ஒன்று. மரத்தை அண்ணாந்து ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்காமலே எழுதியது மற்றொன்று. இரண்டும் என்னுடையவை." நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பட்டை, வடிவம், ஐந்து மரங்களின் அளவு எல்லாம் வந்தது. கடிதம் அழகாக முடிந்துவிட்டது என்று நான் நிமிர்ந்தபோது விரல் எழுந்தது.

"இன்னொரு வரி. சாய்வு பற்றிய ஆய்வு நம்ம ஊர் மாதிரி பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற இடத்துல செஞ்சதா எனக்குத் தெரியல. ஆகவே சாய்வை மட்டும் வைத்து இம்மரம் பாதுகாப்பானது என்று உறுதி கூற இயலாது. வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டும்."

"அண்ணே!" நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "மரத்தைக் காப்பாத்துறீங்களா, கோடாலி எடுத்துக் குடுக்கிறீங்களா? டொரத்தி அக்கா மூணு நாளா சரியா சாப்பிடல."

"தெரியும். குமுதாதான் கஞ்சி குடுத்து அனுப்புறா." அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒரு தடவை தெரியாம தப்பா எழுதிட்டேன். இந்தத் தடவை தெரிஞ்சே எழுதச் சொல்றியா?"

அடித்தேன். வேறென்ன செய்வது? வெள்ளிக்கிழமை காலை அவரே மோட்டார் சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வார இறுதி முழுக்க டொரத்தி அக்கா வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. கோடாலி வருமா, ஆய்வு வருமா என்று எவருக்கும் தெரியாது. டொரத்தி அக்கா விளக்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, மறுபடி பரணிலேயே வைத்துவிட்டார் என்று ஹென்றி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஷாமினி இரண்டு ஆட்களோடும் மண்வெட்டியோடும் வந்து இறங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"அந்தக் கடைசி வரி இருக்கே அங்கிள்," என்று சிரித்தார் அவர். "அதைப் படிச்சிட்டுத்தான் எங்க பெரியவர் கையெழுத்துப் போட்டாரு. மரத்தைக் காப்பாத்த எழுதுற கடிதத்துல யாரும் இதை எழுத மாட்டாங்க, அப்போ மத்ததும் உண்மையாத்தான் இருக்கும்னாரு."

சுற்றிலும் கவனமாகத் தோண்டிப் பார்த்தார்கள். வேர் உறுதியாக இருந்தது. எந்தப் பக்கமும் மண் வாய் பிளக்கவில்லை. சாய்வு மூன்று டிகிரிக்கும் குறைவு, தெற்கே. அதாவது டொரத்தி அக்காவின் சொந்தக் கூரையைப் பார்த்து. வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பது, காய்ந்த கிளைகளைக் கழிப்பது என்று ஷாமினி எழுதினார்.

"நான் நம்ப மாட்டேன்," என்றது ஒரு குரல். அமுதவள்ளி. கண்ணில் நீர் முட்டி நின்றது. "எல்லாரும் சேர்ந்து என்னைப் பொய்க்காரி ஆக்குறீங்க. தினமும் பார்க்கிறவ நான். என் பக்கம்தான் சாயுது. நம்பிக்கை இல்லேன்னா என் மெஷின்கிட்ட வந்து உட்கார்ந்து பாருங்க."

ஷாமினி போய் உட்கார்ந்தார். முகம் மாறியது. நானும் உட்கார்ந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஸ்டூலிலிருந்து பார்த்தால் மரம் அமுதவள்ளியின் பக்கம்தான் சாய்ந்திருந்தது. எப்படி?

சுகுமாறன் அண்ணே கடைசியாக உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடினார். மரத்தைப் பார்த்தார். பிறகு மரத்துக்கும் தனக்கும் நடுவில் இருந்த ஒன்றைப் பார்த்தார். கார் நிறுத்தும் இடத்தின் கூரையைத் தாங்கும் சிமெண்டுத் தூண். எழுந்து போய், பையிலிருந்த குண்டை எடுத்துத் தூணின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். நூல் நேராக இறங்கியது. தூண் அதன்படி இறங்கவில்லை. அடியில் நூலுக்கும் தூணுக்கும் நடுவே என் நாலு விரலும் போகிற இடைவெளி. அந்தத் துறைமுக மண்ணில் அமுதவள்ளியின் தூண்தான் உள்வாங்கி, கூரையோடு சேர்ந்து டொரத்தி அக்கா வேலியின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. சாய்ந்த தூணை நேர் என்று வைத்துக்கொண்டு பார்த்தால், எதிரே நிற்கும் மரம் உங்கள் பக்கம்தான் வரும்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஷாமினிக்கும். இனி விரல் எழும், "தப்பா நெனச்சுக்காத" வரும், அமுதவள்ளி தெரு முழுக்கப் பார்க்கக் கூனிப்போவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சுகுமாறன் அண்ணே அமுதவள்ளியின் முகத்தைப் பார்த்தார். சில வினாடிகள்தான். பிறகு நூலை அவர் கையில் கொடுத்தார்.

"வள்ளி, நீ தினமும் துணிக்கு நூல் பிடிக்கிறவ. எனக்குக் கண்ணு சரியில்ல. நீயே பிடிச்சுப் பாரும்மா."

அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. எனக்குத் தெரியும்.

அமுதவள்ளி நூலைப் பிடித்தார். பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். ஒரு கை தானாக வாயைப் பொத்தியது. "ஐயோ... என் தூணா?"

"நல்லவேளை, கண்டுபிடிச்சே," என்றார் சுகுமாறன் அண்ணே. "இதுக்குக் கீழதான் பிள்ளைங்க உட்கார்றாங்கன்னு சொன்னியே. அந்தப் பயம் சரிதான்."

அந்த வாரமே கொத்தனார் வந்தார். தூணுக்குப் புது அடித்தளம் போட்டு முடிக்கும் வரை பதினெட்டு நாள், அமுதவள்ளி தன் தையல் மெஷினை டொரத்தி அக்கா வீட்டு வாசலில் போட்டுக்கொண்டார். மரத்துக்கு நேர் கீழே. முதல் இரண்டு நாள் அடிக்கடி அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து ஊசியைப் பார்த்தார். டொரத்தி அக்காவுக்கு அந்தக் கிறிஸ்மஸுக்கு ரவிக்கை கூலியில்லாமல் தைத்துக் கொடுத்தார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். திருத்தர் திருந்துவதா? மறுநாளிலிருந்து புது நோய். பதினேழு வருடத்தில் யார் யாரிடம் நோர்ஃபோக் என்று சொன்னாரோ அத்தனை பேரின் பட்டியலையும் போட்டு, வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். "நான் உங்களுக்குச் சொன்னது தப்பு. அது குக்." பாதிப் பேருக்கு அவர் என்ன சொன்னார் என்பதே நினைவில்லை. மீதிப் பேருக்கு அவர் ஏன் வந்தார் என்பது புரியவில்லை. எங்கள் தாமானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்ட ராதாகிருஷ்ணன் குடும்பத்தைத் தேடிக் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறிப் போனார். கதவைத் திறந்த ராதாகிருஷ்ணன், யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று பயந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணே, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொன்னாராம். அங்கே கிளம்பும்போது சுகுமாறன் அண்ணே என்னையும் கூப்பிட்டிருந்தார். எனக்கு வேலை இருந்தது. அதாவது, வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

இந்த வகையைக் கேலி செய்வது சுலபம். இவ்வளவு நேரம் அதைத்தான் செய்தேன். ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கடிதத்தைப் படிக்காமல் முத்திரை குத்தியவன் நான். அதை இன்று வரை டொரத்தி அக்காவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வானேன்?

உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதைப் படித்துக்கொண்டு வந்தபோது எங்காவது ஓர் ஒற்று மிகுந்தோ குறைந்தோ உங்கள் கண்ணில் பட்டு, கை பேனாவைத் தேடியதா? கிள்ளானிலிருந்து பங்சாருக்குப் போய்வர இவ்வளவு நேரமா என்று கணக்குப் போட்டீர்களா? பயப்படாதீர்கள், அது ஆரம்ப நிலைதான், பலருக்கு இருக்கிறது. முற்றிய நிலையைக் கண்டுபிடிக்க வேறு கேள்வி. நீங்கள் அடித்துச் சொன்ன ஏதோ ஒன்று தவறு என்று உங்களுக்கு மட்டும் தெரிந்த பிறகு, அதைச் சொல்ல யார் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்? ஒரு கதவாவது நினைவுக்கு வந்தால் நீங்கள் அந்த வகைதான், சந்தேகமே வேண்டாம். ஒன்றும் வரவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் என் வகை. நாங்கள் எண்ணிக்கையில் மிக அதிகம், எல்லா மண்ணிலும் வளர்வோம், எங்களை யாரும் வெட்ட வருவதும் இல்லை.